சீட் வரிசையை உள்ளபடி எழுதலாமா? ஆட்டக் கோட்பாடு பற்றி டெல்லித் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தெற்கு டெல்லியில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் ஆட்டக் கோட்பாட்டில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன். தங்கியிருப்பது முனிர்காவில். ஞாயிற்றுக்கிழமை மலை மந்திரில் படி இறங்கி வருவதற்குள் இரண்டு பேராவது பிடித்துக்கொள்வார்கள். "நீ சீட் கணக்குலதான் ஆராய்ச்சி பண்றியாமே, எங்க பொண்ணுக்கு லிஸ்ட் போட்டுக் குடும்மா" என்பார்கள். கல்லூரிச் சேர்க்கைப் படிவத்தில் விருப்பங்களை எந்த வரிசையில் எழுதுவது என்பதுதான் அந்த லிஸ்ட். மே மாதம் தொடங்கினால் ஆகஸ்ட் வரை இதுதான். உட்கார்ந்து நிதானமாகச் சொல்ல எனக்கு ஆசை, ஆனால் கோயில் வாசலில் நேரம் போதாது. அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதிலையும் எழுதிவிட்டேன்.

ஆட்டக் கோட்பாடு என்றால் சதுரங்கம், சீட்டாட்டம் பற்றிய படிப்பா?

பெயர் அங்கிருந்துதான் வந்தது. ஆனால் எனக்குக் கிடைப்பது நான் செய்வதை மட்டும் பொறுத்ததாக இல்லாமல், நீங்கள் செய்வதையும் பொறுத்ததாக இருந்தால் அது எல்லாமே இந்தத் துறைக்கு ஓர் 'ஆட்டம்'தான். ஏலம், தேர்தல், விலை பேசுவது, சீட்டுக்கு விண்ணப்பிப்பது எல்லாம் இதில் அடங்கும். ஜான் வான் நாய்மனும் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னும் 1944-இல் எழுதிய பெரிய நூலோடு இது தனித் துறையாக ஆனது. 1950-இல் ஜான் நாஷ் சமநிலை என்ற கருத்தைக் கொடுத்தார்: மற்றவர்கள் அவரவர் முடிவில் நிற்கும்போது, யாருக்கும் தன் முடிவை மட்டும் மாற்றி லாபம் பார்க்க முடியாத நிலை.

நான் செய்வது இதைத் தலைகீழாகப் பிடிக்கும் பகுதி. விதி இதுதான் என்று சொல்லிவிட்டால் மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று ஆட்டக் கோட்பாடு கேட்கும். மனிதர்கள் இப்படித்தான் நடப்பார்கள் என்றால் எந்த விதியை வைக்கலாம் என்று மெக்கானிசம் டிசைன் கேட்கும். விதி அமைப்பு என்று தமிழில் சொல்லலாம்.

இதற்கு நான் முதலில் காட்டுவது உத்திரமேரூர்க் கல்வெட்டு. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கம், முதலாம் பராந்தக சோழன் காலம். ஊர் வாரியங்களுக்கு, அதாவது நிர்வாகக் குழுக்களுக்கு, ஆள் தேர்ந்தெடுக்க ஊரை 30 குடும்புகளாக (இன்றைய வார்டு மாதிரி) பிரித்து, தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். பள்ளியில் இவ்வளவுதான் படித்திருப்போம். விவரங்களைப் பாருங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் பெயர் குடத்துக்குள் போகாது. கணக்குக் காட்டாதவர் பெயரும், அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் போகாது. சிறுவன் எடுத்த ஓலையை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். ஏன்? விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாது. ஒவ்வொரு வரிக்கும் பின்னால் யாரோ ஒருவர் "இதை ஒருத்தன் ஏமாற்ற நினைத்தால் எப்படி ஏமாற்றுவான்?" என்று யோசித்திருக்கிறார். நாங்கள் இன்று கரும்பலகை முன்னால் நின்று செய்யும் வேலையும் அதுதான்.

சீட்டு ஒதுக்குவதற்கு எதற்குக் கணக்கு? மார்க் அதிகம் எடுத்தவருக்குக் கொடுத்துவிட்டால் போதாதா?

போதாது. மார்க் அதிகம் எடுத்தவருக்கு எதைக் கொடுப்பது? அவருக்கு வேண்டியது எது என்று தெரிய வேண்டும். அதை அவர்தான் சொல்ல வேண்டும். அவர் உண்மையைச் சொல்வாரா என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

தக்காளிக்கு விலை இருக்கிறது. வேண்டியவர் கொடுத்து வாங்குவார். கல்லூரி இடம், சிறுநீரகம், திருமண உறவு ஆகியவற்றை விலை வைத்து விற்கக் கூடாது என்று நாம் முடிவு செய்திருக்கிறோம். விலை இல்லாத இடத்தில் யாருக்கு யார், எது என்று இணைப்பதைத்தான் மேட்சிங் மார்க்கெட் என்கிறார்கள். 1962-இல் டேவிட் கேலும் லாயிட் ஷாப்லியும் எழுதிய ஒரு சிறிய கட்டுரைதான் இதன் வேர். கல்லூரிச் சேர்க்கையையும் திருமணத்தையும் வைத்து எழுதியது. அதில் பெரிய சூத்திரங்கள் கிடையாது, பொறுமை இருந்தால் ப்ளஸ் டூ மாணவி படித்துவிடுவாள். 2012-இல் ஷாப்லிக்கும் ஆல்வின் ராத்துக்கும் பொருளாதார நோபல் கிடைத்தது. கேல் 2008-லேயே காலமாகிவிட்டார்.

கிடைக்கக்கூடிய கல்லூரியை முதலில் போடணும், ஆசைப்படுவதைப் பின்னால் போடணும் என்கிறார்களே?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன். பதில்: வேண்டாம். ஐஐடி, என்ஐடி இடங்களை ஒதுக்கும் ஜோசா கலந்தாய்வு, டெல்லிப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் உங்கள் ஆசை எப்படியோ அப்படியே வரிசையை எழுதுங்கள். ஏன் என்று ஒரு சின்ன எடுத்துக்காட்டில் காட்டுகிறேன். பேப்பர், பேனா எடுத்துக்கொண்டால் நல்லது.

கயல், இளங்கோ, ஜெஸி என்று மூன்று பிள்ளைகள். வடக்கு, தெற்கு, கிழக்கு என்று மூன்று பள்ளிகள், ஒவ்வொன்றிலும் ஓர் இடம். கயலும் இளங்கோவும் வடக்கு, தெற்கு, கிழக்கு என்று எழுதுகிறார்கள். ஜெஸி தெற்கு, வடக்கு, கிழக்கு என்று எழுதுகிறாள். வடக்குப் பள்ளியின் முன்னுரிமை இளங்கோ, கயல், ஜெஸி. தெற்குப் பள்ளியின் முன்னுரிமை கயல், ஜெஸி, இளங்கோ. கிழக்குப் பள்ளி யாரையும் எடுத்துக்கொள்ளும்.

முதலில் பழைய பாணி. முதல் விருப்பமாக எழுதியவர்களைப் பார், அங்கேயே முடிவு செய், மீதியை இரண்டாம் விருப்பத்துக்குக் கொடு. வடக்குக்குக் கயலும் இளங்கோவும் வருகிறார்கள், இளங்கோவுக்குக் கிடைக்கிறது. தெற்குக்கு ஜெஸி மட்டும் வருகிறாள், அவளுக்குக் கிடைக்கிறது. இப்போது கயல் தெற்குக்குப் போனால் கதவு மூடியிருக்கிறது. தெற்குப் பள்ளியின் பட்டியலில் முதல் பெயரே கயல்தான்! ஆனாலும் இடம் இல்லை. கிழக்குக்குப் போகிறாள். தெற்கை முதலில் எழுதியிருந்தால் அது கிடைத்திருக்கும். உண்மை எழுதியதற்குத் தண்டனை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பள்ளிகளில் இதே முறை இருந்தது. அதன் கோளாறை 2003-இல் அப்துல்காதிரோக்லு, சோன்மெஸ் என்ற இருவர் எடுத்துக் காட்ட, 2005-இல் அந்த நகரம் அதைக் கைவிட்டது.

இனி கேல்-ஷாப்லி முறை. வடக்கு இளங்கோவைப் பிடித்து வைக்கிறது, ஆனால் "உறுதி" என்று சொல்லாது. கயலைத் திருப்பி அனுப்புகிறது. தெற்கு ஜெஸியைப் பிடித்து வைக்கிறது. கயல் இப்போது தெற்குக்கு வருகிறாள். தெற்கு இரண்டு பேரையும் பார்த்து, கயலுக்கு முன்னுரிமை என்பதால் அவளை வைத்துக்கொண்டு ஜெஸியை விடுகிறது. ஜெஸி வடக்குக்குப் போகிறாள், அங்கே இளங்கோ இருக்கிறான். கடைசியில் கிழக்கு. இனி யாரும் நகர வேண்டியதில்லை என்றான பிறகுதான் எல்லா இடமும் உறுதியாகிறது. முடிவைக் கடைசிவரை தள்ளிவைப்பதுதான் இதன் உயிர். டிஃபர்டு அக்செப்டன்ஸ் என்ற பெயரும் அதனால்தான்.

கவனியுங்கள், கயல் வடக்கை முதலில் எழுதியதால் அவளுக்கு எதுவும் நஷ்டமில்லை. ஒரு முறை கதவைத் தட்டிப் பார்த்தாள், இல்லை என்றதும் தெற்குக்கு வந்தாள். தாமதமாக வந்தாய் என்று தெற்கு அவளைக் குறைத்து மதிப்பிடவில்லை. நீங்கள் எத்தனையாவது விருப்பமாக எழுதினீர்கள் என்பது கல்லூரியின் கணக்கிலேயே வராது.

எல்லாக் கல்லூரியும் ஒரே ரேங்க் பட்டியலைப் பார்த்தால் இது இன்னும் எளிது. உங்கள் முறை வரும்போது எந்த இடங்கள் மீதி இருக்கும் என்பதை உங்களுக்கு முன்னால் உள்ளவர்கள் தீர்மானித்துவிட்டார்கள். உங்கள் வரிசை அதைத் தொடவே முடியாது. மீதி இருப்பதில் மேலே எழுதியது கிடைக்கும். அப்படியிருக்க, பிடிக்காததை மேலே எழுதி என்ன லாபம்?

என் அண்ணன் ஊரில் ப்ளஸ் டூ முடித்த வருடம், பணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்லும் ஒருவரிடம் அப்பா கூட்டிப்போனார். "நிச்சயமா கிடைக்கிறதை மேல போடுங்க" என்றார் அவர். போட்டோம், முதல் விருப்பமே கிடைத்தது, வீட்டில் பாயசம் வைத்தோம். பிறகு முழு விவரமும் வெளியானது. அண்ணன் ஆசைப்பட்ட கல்லூரியில், ஆசைப்பட்ட பிரிவில், அவனுக்குப் பின்னால் இருந்த ரேங்க்குக்கும் இடம் கிடைத்திருந்தது. அப்பா அந்தத் தாளை இரண்டு நாள் மேசையிலேயே வைத்திருந்தார். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அந்த இரண்டு நாள் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அப்படியானால் எந்தப் படிவத்திலும் யோசிக்காமல் உண்மையை எழுதிவிடலாமா?

இல்லை, விதியைப் படித்துவிட்டு எழுதுங்கள். மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

ஒன்று, முதல் விருப்பத்துக்குத் தனிச் சலுகை தரும் முறை. மேலே பாஸ்டன் கதையில் பார்த்தோமே, அது. அங்கே கணக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும். அது நம் தவறு அல்ல, விதியின் தவறு.

இரண்டு, ஐந்து அல்லது பத்து விருப்பம்தான் எழுதலாம் என்ற வரம்பு இருந்தால், எவற்றை உள்ளே எடுப்பது என்பதில் எச்சரிக்கை வேண்டும். ஐந்தும் எட்டாத உயரத்தில் இருந்தால் ஒன்றுமே கிடைக்காமல் போகலாம். ஆனால் எடுத்த ஐந்தையும் ஆசைப்படியே அடுக்குங்கள். வரம்பு இல்லாத இடத்தில் நீளமாக எழுதுங்கள், நீளம் உங்களைக் காப்பாற்றும்.

மூன்றாவது டெல்லியின் நர்சரி சேர்க்கை. பொதுப் பிரிவில் ஒவ்வொரு தனியார் பள்ளியும் தூரம், உடன்பிறப்பு, பழைய மாணவர் என்று தனித்தனியாகப் புள்ளி போடுகிறது. பெற்றோர் பத்துப் பள்ளிக்கு விண்ணப்பிப்பார்கள், ஒரு குழந்தைக்கு மூன்று இடம் கிடைக்கும், அவர்கள் முடிவெடுக்கும்வரை மற்ற வீடுகளில் தூக்கம் இருக்காது. இங்கே இணைப்பு முறை என்று ஒன்றே இல்லை, தனித்தனிக் கதவுகள்தான் இருக்கின்றன. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் ஒதுக்க வேண்டிய 25 விழுக்காட்டு இடங்களுக்குக் கல்வித் துறை கணினியில் குலுக்கல் நடத்துகிறது. அங்கே பரிந்துரையும் செல்வாக்கும் வேலை செய்யாது. நம் குடவோலைக்கு அது தூரத்துச் சொந்தம்.

ஜோசாவில் ஃப்ரீஸ், ஃப்ளோட், ஸ்லைடு என்று கேட்கிறதே, எதை அழுத்துவது?

கிடைத்ததே போதும் என்றால் ஃப்ரீஸ். இன்னும் மேலே எழுதிய எது கிடைத்தாலும் போவேன் என்றால் ஃப்ளோட். கல்லூரி இதுவே, பிரிவு மட்டும் மாறலாம் என்றால் ஸ்லைடு. ஃப்ளோட் கொடுத்தால் கையில் இருப்பது போய்விடும் என்று பயப்படுகிறார்கள். மேலே உள்ளது கிடைத்தால்தான் இது போகும், கிடைக்காவிட்டால் இது உங்களுடையதுதான். ஆனால் மேலே உள்ளது கிடைத்த பிறகு "பழையதே இருக்கட்டும்" என்று சொல்ல முடியாது. வரிசையை உள்ளபடி எழுதியவருக்கு அந்த வருத்தம் வராது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் அப்கிரேடு, ஃப்ரீஸ் இரண்டும் இதே மாதிரிதான். அங்கே ஒதுக்கிய இடத்தை அந்தச் சுற்றுக்குள் ஏற்காமல் விட்டால் வெளியே போய்விடுவீர்கள், அதில் மட்டும் தேதியைத் தவறவிடாதீர்கள்.

ஐஐடிக்கும் என்ஐடிக்கும் ஏன் ஒரே கலந்தாய்வு ஆக்கினார்கள்?

2015-க்கு முன் இரண்டும் தனித்தனி. ஒரு மாணவர் இரண்டிலும் இடம் பிடித்து வைத்துக்கொள்வார், ஒன்றை விடும்போது காலம் கடந்திருக்கும், அந்த இருக்கை அந்த வருடம் காலியாகவே கிடக்கும். அரசு செலவில் கட்டிய வகுப்பறையில் ஒரு காலி இருக்கை என்றால், வெளியே ஒரு பிள்ளைக்கு இடமில்லை என்று அர்த்தம். சுரேந்தர் பாஸ்வானா, பார்த்த பிரதிம் சக்ரவர்த்தி, ஷரத் சந்திரன், யஷ் கனோரியா, உத்கர்ஷ் படாங்கே ஆகிய ஐந்து பேர் கேல்-ஷாப்லி முறையை நம் இட ஒதுக்கீட்டு விதிகளுக்கு ஏற்பத் தைத்துக் கொடுத்தார்கள். 2015-இல் அது நடைமுறைக்கு வந்தது, காலியிடங்கள் கணிசமாகக் குறைந்தன. 1962-இல் எழுதிய ஒரு கட்டுரை ஐம்பத்து மூன்று வருடம் கழித்து நம் பிள்ளைகளின் லேப்டாப்பில் வந்து உட்கார்ந்தது. இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கிறது.

இட ஒதுக்கீடு இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் குழம்பிவிடாதா?

குழம்பாது, ஆனால் கவனமாக எழுத வேண்டும். கவனமில்லாமல் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு உச்ச நீதிமன்றமே சாட்சி.

சாதி அடிப்படையிலான ஒதுக்கீட்டைச் செங்குத்து ஒதுக்கீடு என்றும், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்கு அந்த ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் குறுக்காக வருவதைக் கிடைமட்ட ஒதுக்கீடு என்றும் சொல்வார்கள். 1992-இன் இந்திரா சாஹ்னி தீர்ப்பிலேயே இந்தப் பிரிப்பு இருக்கிறது. பொதுப் பிரிவு என்பது எல்லோருக்கும் திறந்த கதவு. மதிப்பெண் இருந்தால் பிற்படுத்தப்பட்டவரும் பட்டியல் இனத்தவரும் அதன் வழியாக உள்ளே வரலாம். சரி, பொதுப் பிரிவில் பெண்களுக்கென்று வைத்த இடங்கள் யாருக்கு? உத்தரப் பிரதேசக் காவலர் தேர்வில் அவற்றை ஒதுக்கீடு இல்லாத வகுப்புப் பெண்களுக்கு மட்டும் என்று எடுத்துக்கொண்டார்கள். அதனால் 276.59 மதிப்பெண் எடுத்த பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பெண்ணுக்கு வேலை இல்லை, 274.82 எடுத்த பொதுப் பிரிவுப் பெண்ணுக்கு வேலை. 2020 டிசம்பரில் சௌரவ் யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இது செல்லாது என்றது. பொதுப் பிரிவுப் பெண்களுக்கான இடம் எல்லாப் பெண்களுக்கும் திறந்தது என்றது. எப்படி நிரப்ப வேண்டும் என்பதற்கு குஜராத் உயர் நீதிமன்றம் அதே ஆண்டு வகுத்த படிமுறையையும் ஏற்றுக்கொண்டது.

இதில் என்னை உலுக்கிய விஷயம் வேறு. இதே நேரத்தில் சோன்மெஸ், புமின் யென்மெஸ் என்ற இருவர் பாஸ்டனில் உட்கார்ந்து இந்திய விதிகளைக் கணிதமாக எழுதி, பழைய முறை எங்கே உடைகிறது என்று காட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்த தீர்வும் நீதிமன்றம் போய்ச் சேர்ந்த தீர்வும் ஒன்றுதான். அவர்கள் கட்டுரை 2022-இல் எகனாமெட்ரிகா இதழில் வந்தது. நீதி கேட்டு வழக்காடிய ஒரு பெண்ணும், சமன்பாடு எழுதிய இரண்டு பேராசிரியர்களும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே ஒரே இடத்தில் வந்து நின்றார்கள். ஒதுக்கீடு வேண்டுமா என்பது சமூகம் முடிவு செய்ய வேண்டியது, என் நிலையைக் கேட்டால் வேண்டும் என்பேன். ஒதுக்கீடு என்று முடிவு செய்த பிறகு அதைக் கொடுக்கும் படிகள் பிசகினால், யாருக்காக வைத்தோமோ அவர்களே வெளியே நிற்பார்கள்.

கல்யாணத்துக்கும் இதே கணக்கு வருமா?

மாமிகள் எல்லோரும் சிரித்துக்கொண்டே கேட்பது இதைத்தான். நிலையான இணைப்பு என்றால் அர்த்தம் இது: தங்கள் இணையைவிட ஒருவரை ஒருவர் அதிகம் விரும்பும் ஜோடி எதுவும் வெளியே இருக்கக் கூடாது. இப்படி ஓர் இணைப்பு எப்போதும் உண்டு என்று கேலும் ஷாப்லியும் நிரூபித்தார்கள்.

ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட நிலையான இணைப்புகள் இருந்தால், யார் போய்க் கேட்கிறார்களோ அந்தப் பக்கத்துக்கு அவற்றில் மிகச் சிறந்தது கிடைக்கும், காத்திருந்து தேர்ந்தெடுக்கும் பக்கத்துக்கு மிகக் குறைந்தது கிடைக்கும். எத்தனை மறுப்பு வாங்கினாலும் கேட்பவருக்குத்தான் அனுகூலம். பெண் பார்க்க வரும் வழக்கத்தை வைத்து இதை யோசித்துப் பாருங்கள். கல்லூரிச் சேர்க்கையில் மாணவர்களைக் கேட்கும் பக்கமாக வைப்பதும் இதனால்தான். உண்மையை எழுதினால் நஷ்டமில்லை என்ற உறுதியும் கேட்கும் பக்கத்துக்கு மட்டுமே. இரண்டு பக்கத்துக்கும் அந்த உறுதியைத் தரும் நிலையான முறை கிடையாது என்று 1982-இல் ராத் நிரூபித்தார்.

சிறுநீரகம் மாற்றிக்கொள்வதும் இந்த ஆராய்ச்சிதானா?

ஆமாம். ஒரு வீட்டில் அம்மாவுக்குச் சிறுநீரகம் வேண்டும், அப்பா கொடுக்கத் தயார், ரத்தப் பிரிவு சேரவில்லை. இன்னொரு வீட்டிலும் இதே நிலை, பிரிவுகள் மட்டும் எதிரெதிர். இந்த அப்பா அந்த வீட்டுக்கும், அந்த வீட்டுக்காரர் இந்த அம்மாவுக்கும் கொடுத்தால் இரண்டு உயிர் பிழைக்கும். நம் நாட்டின் 1994 உறுப்பு மாற்றுச் சட்டத்தில் இதற்கு வழி இல்லை, 2011 திருத்தம்தான் இப்படிப் பொருந்தாத நெருங்கிய உறவினர் ஜோடிகள் மாற்றிக்கொள்ள இடம் கொடுத்தது. நூற்றுக்கணக்கான ஜோடிகளில் யாரை யாரோடு சேர்த்தால் அதிகம் பேர் பிழைப்பார்கள் என்பதை 2004-இல் ராத், சோன்மெஸ், உன்வெர் மூவரும் கணக்காக எழுதினார்கள்.

நான்கு அறுவைச் சிகிச்சையையும் ஒரே நேரத்தில் செய்வது ஏன் தெரியுமா? என் மனைவிக்குக் கிடைத்துவிட்டது, இனி நான் கொடுக்க மாட்டேன் என்று ஒருவர் பின்வாங்கினால் எந்த நீதிமன்றமும் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆபத்தில் இருக்கும் குடும்பத்தை அந்தச் சோதனைக்கே உட்படுத்தாமல் விதி பார்த்துக்கொள்கிறது.

எங்கள் ஏலச்சீட்டும் உங்கள் கணக்கில் வருமா?

அழகாக வரும். பத்துப் பேர், மாதம் 5,000, மொத்தம் 50,000. அவசரம் உள்ளவர் 8,000 கழிவு கேட்டு 42,000 எடுத்துக்கொள்கிறார், அந்த 8,000 ஆளுக்கு 800 என்று பிரிகிறது. யாருக்கு அவசரம் என்று யாரும் விசாரிக்க வேண்டாம், கழிவே சொல்லிவிடும். ஆனால் தோற்றவருக்கும் கழிவில் பங்கு உண்டு. அதனால் பணம் தேவைப்படாதவரும் ஏற்றி விடுவார், சில சமயம் அவர் தலையிலேயே விழும்.

ஏலத்திலும் உண்மையைச் சொல்ல வைக்கும் வழி இருக்கிறது. டிரான்ஸ்ஃபர் ஆகி ஊருக்குப் போகிற ஒரு குடும்பம் ஃப்ரிட்ஜை விற்கிறது. 6,000, 5,200, 4,000 என்று மூடிய கவரில் மூன்று பேர் எழுதித் தருகிறார்கள். 6,000 எழுதியவருக்குப் பொருள், ஆனால் அவர் கொடுப்பது 5,200 மட்டும். நீங்கள் எழுதிய தொகை நீங்கள் வெல்வீர்களா என்பதை மட்டும் முடிவு செய்கிறது, எவ்வளவு கொடுப்பீர்கள் என்பதை இல்லை. அதனால் உங்களுக்கு எவ்வளவு பெறுமோ அதை அப்படியே எழுதலாம். 1961-இல் வில்லியம் விக்ரி எழுதியது. 1996-இல் நோபல் அறிவிப்பு வந்த மூன்றே நாளில் அவர் இறந்துபோனார்.

விதி தவறினால் நாடே பார்க்கும். 2008-இல் 2ஜி அலைக்கற்றையை ஏலம் விடாமல், முதலில் வந்தவருக்கு முதலில் என்று கொடுத்தார்கள். 2012-இல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது.

எல்லா இடத்திலும் உண்மையைச் சொல்ல வைக்கும் விதி செய்துவிட முடியுமா?

முடியாது. அதையும் நிரூபித்திருக்கிறார்கள். நம் குடியிருப்பில் பொங்கல் விழாவை எந்த ஞாயிறு வைப்பது என்று வாக்கெடுக்கிறோம், மூன்று தேதிகள். யார் எந்த வரிசையில் வேண்டுமானாலும் விரும்பலாம் என்றால், மூன்று தேதிக்கும் வெல்லும் வாய்ப்பு இருந்து, யாருக்கும் பொய் வாக்கால் லாபம் வராத ஒரே முறை, ஒருவர் சொன்னதே முடிவு என்பதுதான். கிப்பர்ட் 1973-லும் சாட்டர்த்வைட் 1975-லும் தனித்தனியாகக் காட்டியது.

தேதிக்குப் பதிலாக விழா தொடங்கும் நேரத்தைக் கேட்டால் நிலைமை மாறும். ஐந்து வீடுகள் காலை 8, 9, 10, 11, மாலை 4 என்கின்றன. சராசரி எடுத்தால் 10.48 மணி. மாலை 4 என்றவர் இரவு 12 என்று சொல்லி அதை இன்னும் இழுத்துவிடுவார். நடுவில் இருப்பவரின் நேரத்தை, அதாவது 10 மணியை எடுத்தால், அவர் எவ்வளவு மிகைப்படுத்தினாலும் அது அசையாது. ஒவ்வொருவருக்கும் ஒரு பிடித்த நேரம், அதிலிருந்து விலக விலகப் பிடிக்காது என்ற ஒழுங்கு இருப்பதால்தான் இது நடக்கிறது. மூலான் 1980-இல் இதை முழுதாக விவரித்தார்.

இன்னொன்று, பொய் சொல்லித்தான் நல்ல முடிவு வருகிறது என்ற இடங்களிலும் அந்தப் பொய்யை விதிக்குள்ளேயே வைத்துவிடலாம். விருந்தாளி "போதும்" என்றால் இன்னொரு தோசை வேண்டும் என்று அர்த்தம், பரிமாறுபவருக்கும் அது தெரியும். அதற்குப் பதில் "பசி எவ்வளவு என்று நேராகச் சொல்லுங்கள், நீங்கள் 'போதும்' சொல்லி எத்தனை வாங்கியிருப்பீர்களோ அத்தனையை நானே வைத்துவிடுகிறேன்" என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டால் நடிப்பே தேவையில்லை. வெளிப்படுத்தல் கொள்கை என்பது இவ்வளவுதான். இந்தப் பாதையைத் திறந்த லியோனிட் ஹர்விச்சுக்கு 2007-இல், 90 வயதில் நோபல் கிடைத்தது, எரிக் மாஸ்கினோடும் ரோஜர் மையர்சனோடும் சேர்த்து.

அக்கா, நான் பிளஸ் ஒன். இதைப் படிக்க டெல்லியிலேயே இடம் இருக்கிறதா? நம் ஆட்கள் யாராவது இருக்கிறார்களா?

கத்வாரியா சராய் பக்கம் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் டெல்லி மையம் இருக்கிறது. மெக்கானிசம் டிசைனில் உலகம் அறிந்த இடம். அங்கே பேராசிரியராக இருந்த அருணவ சென் 2012-இல் இன்ஃபோசிஸ் பரிசு பெற்றார். டி. பார்த்தசாரதி அதே மையத்தில் பல ஆண்டுகள் இருந்த நம் தமிழ்க் கணிதர், 1986-இல் பட்நாகர் பரிசு வாங்கியவர். அவரும் டி.ஈ.எஸ். ராகவனும் இரு நபர் ஆட்டங்கள் பற்றி 1971-இல் எழுதிய நூலை இன்றும் நாங்கள் எடுத்துப் பார்க்கிறோம். வடக்கு வளாகத்தில் டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் இருக்கிறது. பொருளாதாரம், கணிதம், கணினி அறிவியல், எது படித்தாலும் உள்ளே வரலாம்.

உனக்கு வேண்டியது, ஒரு வாக்கியத்தை நம்பாமல் அதை உடைக்க எடுத்துக்காட்டு தேடும் பழக்கம். என் நாள்களில் பெரும்பகுதி அதில்தான் போகிறது. மூன்று மாதம் உண்மை என்று நினைத்ததை மூன்று மாணவர், மூன்று கல்லூரி எடுத்துக்காட்டு ஒன்று ஒரே மாலையில் சாய்த்துவிடும். மேலே கயல் கதையைப் பேப்பரில் போட்டுப் பார், தெற்கின் முன்னுரிமையில் ஜெஸியை முதலில் வைத்தால் என்ன ஆகிறது என்று பார். அது பிடித்திருந்தால் இந்தத் துறை உனக்குப் பிடிக்கும்.

எனக்கு பி.காம். வேண்டும், பெண்ணுக்கு வரலாறு வேண்டும். யார் வரிசையைப் போடுவது?

இதற்குத் தேற்றம் எதுவும் கிடையாது. வரிசை கொடுத்தால் எந்த இடம் என்று நாங்கள் சொல்வோம், யாருடைய வரிசை என்று கேட்டால் கணக்கு பேசாது. நான் பேசுகிறேன்: மூன்று வருடம் அந்த வகுப்பில் உட்காரப்போவது அவள்.

என்னிடம் வருபவர்களுக்கு நான் செய்வது இது. இரண்டு தாள் கொடுத்து அம்மாவையும் பெண்ணையும் தனித்தனியாக எழுதச் சொல்வேன். இரண்டு சேர்க்கைக் கடிதமும் கையில் இருந்தால் எதைத் திருப்பிக் கொடுப்பாய் என்று கேட்டுக் கேட்டு, இரண்டிரண்டாக ஒப்பிட்டு அடுக்குவோம். பிறகு தாள்களைப் பக்கத்தில் வைப்போம். பெரும்பாலும் பத்தில் ஆறு ஏழு ஒன்றாகவே இருக்கும், சண்டை இரண்டு மூன்று வரியைப் பற்றித்தான். அந்த வரிகளைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நான் எழுந்துபோய் டீ போடுவேன். அடுத்த சேர்க்கைக் காலத்தில் வருவதாக இருந்தால் பாஸ்வேர்டை மறக்காமல் பெண்ணிடமே கொடுத்து அனுப்புங்கள், பழைய வருடக் கடைசி ரேங்க் பட்டியலைக் கொண்டுவர வேண்டாம்.